மே மாதம் யாராவது சென்னைக்கு வருவார்களா?

மே 1, வியாழன்

நாளை மறுநாள் கிளம்புகிறோம். எங்கள் பெரம்பூர் ஃப்ளாட்டில் அவர்கள் இருப்பார்கள், அவர்களுடைய ஏற்காட்டு வீட்டில் நாங்கள் இருப்போம். லீவுக்கு இப்படி வீடு மாற்றிக்கொள்வது இப்போது நாகரிகமாம். தேன்மொழி ஏதோ ஒரு ஆப்பில் பிடித்திருக்கிறாள்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அக்னி நட்சத்திரத்தில் ஏற்காட்டை விட்டுவிட்டு எந்தப் பைத்தியக்காரன் பெரம்பூருக்கு வருவான்? ஊரே மலைக்கு ஓடுகிறது, இவர்கள் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். அவர்களுக்குக் கடல் பார்க்க ஆசையாம். பெரம்பூரில் எங்கே இருக்கிறது கடல் என்று கேட்டேன். பஸ்ஸில் போவார்கள் என்றாள். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இவருக்கு எல்லாமே சரி.

முப்பது வருஷம் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவள் நான். ஒரு பெண் பொய் சொல்கிறாளா என்று அவள் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துவிடும். என் பெண் பொய் சொல்ல மாட்டாள், அது வேறு விஷயம். அந்தக் குடும்பம்தான் இடிக்கிறது. அப்பா ராஜன், காபி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா செல்வராணி. மகன் அமுதன், பெங்களூரில் வேலை. மூன்று பெயரிலும் ஒரு துப்பும் கிடைக்காது. யாராகவும் இருக்கலாம்.

தேன்மொழிக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது. பெங்களூர் வேலையை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது, இப்போது வீட்டிலிருந்தே வேறு கம்பெனிக்கு வேலை செய்கிறாள், வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழிக்கிறாள். வில்லிவாக்கத்துப் பையனின் ஜாதகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மலையில் குளிர்ந்த காற்று, ஆபீஸ் தொல்லை குறைவு. திரும்பி வருவதற்குள் அவளைச் சரி சொல்ல வைக்க வேண்டும். நான் இந்தக் கூத்துக்கு ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

மே 2, வெள்ளி

பீரோ, ஸ்டோர் ரூம், சாமி அலமாரி எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஏ.சி. இருக்கிற பெட்ரூமையும் பூட்டிவிட்டேன். மலையில் இருப்பவர்களுக்கு ஏ.சி. பழக்கம் இருக்காது. தேன்மொழியின் அறையும் ஹாலும் மூன்று பேருக்குத் தாராளம். நல்ல பாத்திரங்களைப் பரணில் ஏற்றினேன். பழைய பெட்ஷீட்டைத் துவைத்து வைத்திருக்கிறேன், கிழிசல் இல்லை.

எதிர் ஃப்ளாட் ஹேமாவதியிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு கண்ணையும் வைப்பாள், அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மே 3, சனி

வந்து சேர்ந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் இவருக்கு இரண்டு முறை வாந்தி.

காபிச் செடிகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. கேட்டைத் திறந்ததும் ஒரு நாய் பாய்ந்து வந்தது. என்னைப் பார்த்துக் குரைத்தது, இவரைப் பார்த்துக் குரைத்தது, தேன்மொழி மேல் ஏறி முகத்தை நக்கியது. ஹாஸ்டலுக்குள் இரவு சுவரேறி வந்தவர்களைக்கூட இப்படி யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். நாய்க்கு ஆள் தரமே தெரியவில்லை. அதன் பெயர் பிஸ்கட். அந்தப் பெயரிலிருந்தும் ஒன்றும் கிடைக்காது.

வீட்டில் ஒரு பூட்டுகூட இல்லை. பீரோ திறந்தே இருக்கிறது. பாதித் தட்டுகளை எங்களுக்காகக் காலி செய்து, மீதியில் அவர்கள் துணிமணி, பட்டுப்புடவை உட்பட. மெத்தையில் புது விரிப்பு. ஆளுக்கொரு ஸ்வெட்டர் மடித்து வைத்திருக்கிறார்கள். என்னுடையது கச்சிதமாக இருக்கிறது. என் அளவு இவர்களுக்கு எப்படித் தெரியும்?

யாராவது முன்பின் தெரியாதவர்களிடம் பீரோவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்களா? திறந்து வைத்திருந்தால் ஒன்று அசடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நம்மிடமிருந்து அதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்க்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

ஹாலில் ஆணி இருக்கிறது, படம் இல்லை. ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் சுவர் சதுரமாக வெளுத்திருக்கிறது. சமீபத்தில்தான் கழற்றியிருக்கிறார்கள். சாமி படமா, வேறு படமா, தலைவர்கள் படமா? சமையலறை மூலையில் ஒரு சின்ன அலமாரி. திறந்து பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி காலி. குங்குமக் கறை இல்லை, மெழுகுவத்திக் கறை இல்லை. காலண்டர் பாங்கில் கொடுத்தது. தேதி மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு இதிலெல்லாம் வித்தியாசம் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். ஹாஸ்டலில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பந்தி, ஒரே தட்டு. யார் வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது மரியாதைக்காகத்தான்.

சமையலறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சுத்தம். கரண்டிகள் உயரப்படி தொங்குகின்றன. பருப்பு டப்பாவில் எது பழசு எது புதுசு என்று குழப்பம் வராமல் பழசை முன்னால் வைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் வைப்பேன், என்னைத் தவிர யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

காபி போடச் சர்க்கரையைத் தேடினேன். தேன்மொழி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல், மேல் தட்டில் நீல டப்பா என்றாள். பெண் புத்திசாலி, வந்த அன்றே எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள்.

மே 5, திங்கள்

வாசல் பெருக்க வரும் காளியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எத்தனை வருஷமாக இங்கே வேலை, சம்பளமெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று சுற்றி வளைத்து, இவர்கள் என்ன ஆளுங்க என்று கேட்டேன். நல்ல ஆளுங்கம்மா என்றாள். அது சரி, என்ன ஆளுங்க? ரொம்ப நல்ல ஆளுங்க. துடைப்பத்தை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கேட்டது அவளுக்குப் புரியாமல் இல்லை. அவள் உதடு ஓரத்தில் சிரித்ததைப் பார்த்தேன்.

மத்தியானம் ஹேமாவதி போன் செய்தாள். கறிவேப்பிலை கேட்கிற மாதிரி உள்ளே போயிருக்கிறாள். அந்த அம்மாள் குண்டும் இல்லை ஒல்லியும் இல்லை, நெற்றியில் சின்னதாகப் பொட்டு, கழுத்தில் சங்கிலி, டாலர் புடவைக்கு உள்ளே போய்விட்டது. புடவைக்கு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். இன்னும் யாரும் கடலுக்குப் போகவில்லையாம்.

மே 6, செவ்வாய்

மழை. வில்லிவாக்கத்து ஜாதகத்தைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். அதன்மேல் காபி டம்ளரை வைத்தாள்.

மே 7, புதன்

இன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஹேமாவதி சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்குப் போலீசில் தேவைப்படும். செல்வராணி தெருவில் இறங்கி ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறாள். இஸ்திரி போடுகிற முருகேசனிடம், பூக்காரியிடம், செக்யூரிட்டியிடம், முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வனஜாவிடம். வனஜா என் ஹாஸ்டலில் படித்த பெண். என்ன கேட்டாள் என்றால் வீட்டு விலை என்ன, நகை எங்கே என்றெல்லாம் இல்லை. அந்த அம்மா எப்படிப் பேசுவாங்க, கோபம் வருமா, வீட்டுக்கு யாராவது வந்து தங்குவாங்களா, வேலைக்காரங்க நிலைச்சு நிப்பாங்களா. யார் வருவார்கள் போவார்கள் என்று நோட்டம் பார்க்கிறார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும். என் அனுமதி இல்லாமல் என்னைப் பற்றி விசாரிக்க இவர்கள் யார்? காளியம்மாவிடம் நான் கேட்டது வேறு. ஒரே ஒருத்தியிடம்தான் கேட்டேன்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. எங்கள் பாத்ரூம் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் திறக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதோடு மல்லுக்கு நிற்பார்கள். அந்தப் பையன் அமுதன் நேராகப் போய், தூக்கி, தள்ளித் திறந்துவிட்டு, ஸ்விட்ச் வெளியே பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதையும் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறான். ஹேமாவதி கண்ணால் பார்த்தாள். முன்பே வந்து போனவன் அவன். போன மாசியில் நாங்கள் இரண்டு பேரும் திருச்செந்தூர் போயிருந்தபோது வந்திருக்க வேண்டும். தேன்மொழி மட்டும்தான் வீட்டில் இருந்தாள். என் குழந்தை ஒன்றும் தெரியாமல் தனியாக இருந்திருக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விடிந்ததும் ஊருக்குப் போகலாம் திலகா, அவசரப்படாதே என்றார். எதற்கும் பதறாத மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஏற்காட்டில் வியர்வை.

மே 8, வியாழன்

காலையில் டாக்ஸிக்குச் சொல்லச் சொன்னேன். பெரம்பூர் ஸ்டேஷனுக்குப் போன் செய்யப் போகிறேன் என்று தேன்மொழியிடம் நம்பர் கேட்டேன். அவள் இவரைப் பார்த்தாள், இவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வார்டன் ரூமுக்கு வெளியே நின்று, யார் முதலில் சொல்வது என்று இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்கிற பார்வை.

அமுதனும் அவளும் பெங்களூரில் ஒரே ஆபீஸில் இருந்தவர்கள். மூன்று வருஷமாகப் பழக்கம். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். ஆப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவருக்குப் பொங்கலிலிருந்து தெரியும். அவன் அம்மா அப்பாவுக்கும் எல்லாம் தெரியும். நாய்க்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம். என்னிடம் நேராக வந்து சொல்வதற்கு என்ன, அதற்கு ஒரு வீட்டையே கழற்றி மாட்ட வேண்டுமா என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ முதல்ல என்னம்மா கேட்டிருப்ப?" என்றாள் தேன்மொழி.

நான் கையிலிருந்த போனை மேஜைமேல் வைத்தேன்.

"பையன் நல்லவனான்னா? என்ன படிச்சிருக்கான்னா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தக் கேள்விய நீ கேக்கறதுக்கு முன்னாடி அவங்க வீட்ல கொஞ்ச நாள் இருக்கணும்னு நெனச்சேன். அவங்க டம்ளர்ல காபி குடிக்கணும். அவங்க போர்வையப் போத்திக்கணும். அவங்க மசாலால கொழம்பு வச்சு நல்லாருக்குன்னு சொல்லணும். அதுக்கப்பறம் கேளும்மா. நானே சொல்றேன்."

படங்களைக் கழற்றச் சொன்னது அவள்தானாம். எல்லாம் பெட்டியில் போட்டுக் காளியம்மா வீட்டில் இருக்கிறதாம். அவர்கள் இறங்கிப் போனது எதற்கு என்று கேட்டேன். அவர்களும் நம் வீட்டில் இருந்து பார்க்க வேண்டாமா என்றாள்.

நான் டாக்ஸி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். போர்த்திக்கொள்ளப் போர்வையை எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். குளிர் தாங்கவில்லை, போர்த்திக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

யாரோடும் பேசவில்லை. பிஸ்கட் மட்டும் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்திருந்தது. அதைத் துரத்தவில்லை.

மே 10, சனி

ஹேமாவதி இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை.

கோபம் எதில் என்று யோசித்துப் பார்த்தேன். காதல் என்பதில் இல்லை. இத்தனை ஹாஸ்டல் காதல்களைப் பார்த்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. இவர் மறைத்தார் என்பதில் கொஞ்சம். என் பெண் என்னை அளந்து, இவளுக்கு இத்தனை நாள், இத்தனை ஏற்பாடு வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. வந்த மறுநாளே அலமாரியைத் திறந்து கறை தேடினேன். எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது, அடிக்கவும் முடியாது.

மத்தியானம் தேன்மொழி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொந்த வீடு மாதிரி எந்தக் கொடியில் வெயில் வரும் என்று தெரிந்து உலர்த்துகிறாள். மெலிந்திருக்கிறாள். இந்த ஒரு வாரத்தில் நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை இழந்துவிட்டு எந்த ஆளுங்களோடு நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கப் போகிறேன்? யாராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் யார் என்று நான் கேட்கப்போவதில்லை, எனக்குச் சம்மதம் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பெருமையாக இருந்தது. ஓடிவந்து கட்டிக்கொள்வாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"சந்தோஷம்மா" என்றாள். கிளிப்பை மாட்டிவிட்டு, "ஆனா அவங்க இன்னும் சொல்லல" என்றாள்.

எவங்க?

"அமுதன் அம்மா. யோசிக்கறாங்களாம்."

யோசிக்கிறாளாமா? என்ன யோசனை?

மே 11, ஞாயிறு

அமுதன் போன் செய்தான். தேன்மொழி வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகம் கறுத்துவிட்டது. செல்வராணிக்கு மனசு ஒப்பவில்லையாம். பெண்ணைப் பிடித்திருக்கிறது, இந்த வீட்டோடு சம்பந்தம் வேண்டாம் என்கிறாளாம். அம்மா சொன்னால் அமுதன் மீறமாட்டானா என்று கேட்டேன். மீறச் சொல்ல மாட்டேன் என்றாள் தேன்மொழி. என்னை மீறி வா என்று அமுதன் இவளிடம் சொல்லவில்லையாம், அதனால் இவளும் அவனிடம் சொல்ல மாட்டாளாம். சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டாள்.

மறுக்கிற இடத்தில் நான்தான் இருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒருத்தி மறுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்ணைப் பெற்றவள் நான், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இவர் தான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றார். மறுக்கிறது உங்களை இல்லை, என்னை என்றேன். நான் தனியாகப் போகிறேன்.

மே 12, திங்கள்

சேலத்தில் பகல் ரயில் பிடித்து வந்தேன். ஜன்னலைத் திறந்தால் அனல். பெரம்பூரில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது முருகேசன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். வனஜா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாடி ஏறி என் வீட்டு வாசலில் நின்றேன். சாவி கைப்பையில் இருந்தது. போட்டுத் திறக்கக் கை வரவில்லை. என் வீட்டுக் காலிங்பெல் வெளியே நின்று கேட்டால் இவ்வளவு கிறீச்சென்று இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

செல்வராணி திறந்தார். தோளில் ஈரத் துண்டு. முகம் வெந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்துத் திகைக்கவில்லை, வாங்க என்று மட்டும் சொன்னார். உள்ளே ராஜன் தரையில் ஈரத் துணி விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அமுதன் தண்ணீர் கொண்டுவந்தான். உயரமான பையன். என் கண்ணைப் பார்த்துக் கொடுத்தான்.

முதல் வேலையாகப் பெட்ரூமைத் திறந்து ஏ.சி.யைப் போட்டேன். ராஜனை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். செல்வராணி நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"கேளுங்க" என்றார் அவர். "நாங்க யாரு, என்ன ஆளுங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான? காளியம்மா போன்ல சொன்னா. மறைக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க. பிள்ளைங்க கெஞ்சுச்சுங்கன்னுதான் படத்தக் கழட்டினோம். எனக்கு அதுல இஷ்டமே இல்ல."

அவர் சொல்வதற்குத் தயாராக இருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இப்போதும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது, பொய் எதற்கு.

"அது வேண்டாங்க" என்றேன். "என்னைப் பத்தி என்ன கேள்விப்பட்டீங்க? அதச் சொல்லுங்க."

சொன்னார். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். வெயிலில் ரத்தக் கொதிப்புக்காரர் தரையில் படுத்திருக்க, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏ.சி. சும்மா இருந்தது. கறிவேப்பிலை, சர்க்கரை, தீப்பெட்டி என்று எதிர் வீட்டம்மா தினம் வந்து இவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. செக்யூரிட்டி இவர்கள் பையைத் திறந்து காட்டச் சொன்னது, வார்டனம்மா உத்தரவு என்று. அதை நான் சொல்லவில்லை, ஹேமாவதியின் வேலை. ஆனாலும் நான் சொல்லியிருக்கக் கூடியதுதான்.

வனஜா சொன்னதைக் கடைசியில் சொன்னார். "வார்டன் நல்லவங்க, யாருக்காச்சும் உடம்பு சரியில்லன்னா ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஆனா உடம்பு சரியில்லன்னு அவங்கள நம்ப வைக்கறதுக்குள்ள ஒரு நாள் போயிடுமாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை நான். அவர் துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நான் முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். என் பெண் உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"பொண்ணப் பத்தி யோசனையே இல்லீங்க. தேன்மொழி எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. உங்களைத்தான் யோசிக்கறோம்." எழுந்து சமையலறைப் பக்கம் போனவர் நின்று திரும்பினார். "ஊருக்குப் போகாதீங்க. நாங்க கெளம்பற வரைக்கும் எங்ககூட இங்கயே இருங்க. பாத்துட்டுச் சொல்றோம்."

எத்தனை பெண்களிடம், எத்தனை பையன்களிடம், எத்தனை குடும்பங்களிடம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லியிருப்பேன். என்னை யாரும் பார்த்ததில்லை.

இருக்கிறேன் என்றேன். பையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கேயே வைத்தேன்.